முழங்கை வலிக்குப் பந்து அமுக்கும் பயிற்சி: பதில்

பந்து அமுக்குவதை நிறுத்துங்கள். முழங்கை வலிக்காக அந்தப் பயிற்சியைச் செய்துவந்தும், மூன்று வாரமாகியும் வலி குறையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பிடியை இறுக்கும்போதெல்லாம் நொந்துபோன அதே தசைநாண்தான் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) இழுபடுகிறது.

வலிக்கும் கையின் முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். மறுகையால் பாட்டிலைத் தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் மட்டும் ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். 10 முறை, மூன்று சுற்று. மறுநாள் வலி கூடினால் பாதித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

லாரித் தண்ணீரை வாளியில் மாடிக்குச் சுமக்கிறீர்களாமே. டென்னிஸ் மட்டையைத் தொடாதவருக்கு 'டென்னிஸ் எல்போ' (முழங்கையின் வெளிப்புறத் தசைநாண் வலி) வர அதுவே போதும்!

முழங்கையை நீட்டி, நடுவிரலை உயர்த்தி, மறுகையால் அதை அழுத்திப் பாருங்கள். வெளிப்புற எலும்பு மேட்டில் சுரீரென்றால் பெரும்பாலும் டென்னிஸ் எல்போதான். விரல்கள் மரத்தாலோ கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.