சேர்ந்திசையில் சொல் ஏன் தெளிவாகக் கேட்கவில்லை?

தங்கச்சி, பினாங்கில் பல்கலைக்கழகச் சேர்ந்திசைக் குழுவுக்கு மோகன ராகத்தில் மெட்டமைத்தீர்கள், பாடும்போது சொல் புரியவில்லை, இதைத் தொழிலாக நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ராகத்தில் குறையில்லை. மோகனத்தில் ஐந்தே சுரம், அரைச்சுர இடைவெளியில் இரண்டு சுரம் உரசும் மோதல் கிடையாது. நான்கு குரலுக்கு நன்றாகவே இடங்கொடுக்கும். சிக்கல் குறில் நெடிலில்தான் இருக்கும். கோலாலம்பூரில் நான் மாணவர்களுக்கு எழுதிய முதல் பாட்டில் "கல்" என்ற சொல்லை நாலு தட்டுக்கு இழுத்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த என் அம்மா காதில் "கால்" என்றுதான் விழுந்ததாம்! அன்றிலிருந்து நீளமான சுரம் நெடிலில் விழும்படி மெட்டை நகர்த்திவிடுவேன். வழியே இல்லையென்றால் அகரத்தைச் சட்டென்று பாடி முடித்துவிட்டு ல், ன், ம் மேல் நின்று ஒலிக்கச் சொல்லுங்கள். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம், பெண்களின் மேல்குரலான சொப்ரானோவுக்கு மட்டும் போதும். மற்ற மூன்று குரலும் நேராக நிற்கட்டும். சென்னையில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் உருவாக்கிய இளைஞர் சேர்ந்திசைக் குழுவின் தமிழ்ப் பாடல்களை உட்கார்ந்து கேளுங்கள்.

தொழில்? பெரும்பாலும் விரிவுரையாளர் வேலையோடு சேர்ந்துதான் அமையும். முதுகலையை விட்டுவிடாதீர்கள். சரி, மாற்றி எழுதியதும் சொப்ரானோ வரியையும் ஆண்களின் கீழ்க்குரலான பாஸ் வரியையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.