ஹீட்டர் கோர் ஒழுகும் பழைய கார்: செலவு செய்வதா, விற்பதா?

கேள்வி: எங்கள் காருக்கு 14 வயது. 1,70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில வாரங்களாக முன்சீட்டுக் காலடியில் தரைவிரிப்பு ஈரமாகிறது, உள்ளே இனிப்பாக ஒரு வாடை, முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம். ஹீட்டர் கோர் ஒழுகுகிறது என்கிறார் மெக்கானிக். அவர் கேட்கும் தொகை, கார் இன்று விலைபோகும் தொகையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. "இந்த வண்டிக்கு இவ்வளவு செலவா? விற்றுவிட்டுக் கடனில் வேறு வாங்கிவிடலாம்" என்கிறார் என் கணவர். மூன்று மாதச் செலவுக்கான அவசரச் சேமிப்பு இருக்கிறது. அதைத் தொடுவதா, கிரெடிட் கார்டில் போடுவதா?

பதில்: அவசரமாக முடிவெடுக்க வேண்டியது ஒன்று, நிதானமாக எடுக்க வேண்டியது ஒன்று. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

அவசரமானது ஒழுகலை நிறுத்துவது. ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், சூடாக அதற்குள் ஓடுகிறது. அது ஒழுகினால் கூலன்ட் குறையும், குறைந்தால் எஞ்சின் கொதிக்கும். கொதித்தால் எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் வளையலாம், அதன் அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போகலாம். அந்தச் செலவுக்கு முன்னால் இப்போது கேட்டிருக்கும் தொகை ஒன்றுமே இல்லை. ஆகவே இப்படியே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கூலன்ட் அளவையும் எஞ்சின் ஆறிய பிறகே திறந்து பாருங்கள். இன்னொன்று: கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம். குழந்தைகளும் நாயும் பூனையும் அந்த ஈரத்தின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முன் நோய் அதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏசி வடிகுழாய் அடைத்தாலும் காலடி ஈரமாகும். ஆனால் அது வெறும் தண்ணீர்: நிறமும் வாடையும் இருக்காது. நீங்கள் சொல்லும் வாடையும் படலமும் கூலன்டைத்தான் காட்டுகின்றன. ஆனாலும் ஒழுகுவது கோரா, அதில் மாட்டியிருக்கும் ஹோஸா (ரப்பர் குழாய்), அதை இறுக்கும் கிளாம்பா என்பது வேறு கேள்வி. கூலன்ட் ஓடும் வழியில் அழுத்தம் ஏற்றி ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கிளாம்ப் என்றால் செலவு மிகச் சொற்பம்.

கோர்தான் என்றால், தற்காலிகமாக ஒரு பைபாஸ் போடலாம். கோருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் எஞ்சின் பக்கமே இணைத்துவிடுவார்கள். செலவு குறைவு, ஒழுகல் நின்றுவிடும். ஆனால் ஹீட்டர் வேலை செய்யாது, கண்ணாடியில் படியும் பனியைச் சூடான காற்றால் போக்க முடியாது. கடுங்குளிரில் ஓட்டுபவர்களுக்கு இது ஆபத்து. உங்கள் மாடலுக்குச் சரிப்படுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுச் செய்யுங்கள். அதை நிரந்தரத் தீர்வாக நான் சொல்லவில்லை. யோசிக்க உங்களுக்கு இரண்டு மாதம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். கூலன்டில் ஊற்றும் ஒழுகல் அடைப்பான் திரவத்தைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். ஓட்டையை அடைக்கும் பொருள் ரேடியேட்டரின் மெல்லிய வழிகளையும் அடைக்கக்கூடும். வைத்துக்கொள்ளப் போகும் வண்டியில் நான் ஊற்றமாட்டேன்.

அப்புறம், பெரும்பாலும் இந்த வேலையில் பொருளின் விலை சிறிது, கூலிதான் பெரிது. பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். சிலவற்றில் ஏசி கேஸையும் எடுத்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். எனவே பொருள், கூலி, கூலன்ட், ஏசி கேஸ் என்று பிரித்து எழுதி வாங்கி, இன்னொரு இடத்திலும் விசாரியுங்கள். ஆனால் கோரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவானது ஒரு வருடத்தில் ஒழுகினால் முழுக் கூலியையும் மறுபடி கொடுக்க வேண்டும். பழைய ஹோஸ்களையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

இனி நிதானமான முடிவு. ரிப்பேர் தொகையைக் காரின் விலையோடு ஒப்பிடுவது தவறான தராசு. உங்களுக்கு வேண்டியது ஓடும் கார். ஆகவே ஒரு மாதம் ஓட்ட என்ன ஆகிறது என்றுதான் ஒப்பிட வேண்டும்.

உதாரணத்துக்கு, உங்கள் கார் 100 விலைபோகும் என்று வையுங்கள். ரிப்பேர் 35. இரண்டு வருடம் ஓட்டியபின் 70-க்கு விற்றால், இழந்தது 35-ம் 30-ம் சேர்ந்து 65. 24 மாதத்துக்கு வகுத்தால் மாதம் சுமார் 2.7. மாற்றாக 300-க்கு ஒரு கார் வாங்கி, மூன்று வருடத்தில் அது 180 ஆகிறது என்று வைத்தால், மதிப்பிழப்பு மட்டும் மாதம் 3.3. அதன்மேல் கடன் வட்டி, கூடுதல் காப்பீடு. அந்தக் காரும் ரிப்பேர் கேட்காது என்று யார் சொன்னது?

வித்தியாசம் பிரமாதமாக இல்லையே என்பீர்கள். சரிதான். அதனால்தான் வண்டியில் அடுத்து என்ன காத்திருக்கிறது என்பது முக்கியம். முழுப் பரிசோதனை ஒன்று செய்யுங்கள். கியர்பாக்ஸ் முரண்டு பிடிக்கிறது, அடித்தளம் துருப்பிடித்துவிட்டது என்றால் கணக்கு தலைகீழாகிவிடும், உங்கள் கணவர் சொல்வதே சரி. எஞ்சினும் கியர்பாக்ஸும் நன்றாக இருந்தால் ரிப்பேர் செய்துவிடுங்கள். இதுவரை செலவழித்ததை மட்டும் எந்தப் பக்கத்திலும் சேர்க்காதீர்கள். அது போனது போனதுதான்.

விற்பதென்றால் ஒழுகலை வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும். பைபாஸ் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். மறைத்தால் தகராறு வீடு தேடி வரும்.

பணத்தை அவசரச் சேமிப்பிலிருந்தே எடுங்கள். வேலைக்குப் போகும் வண்டி நின்றுபோவதும் அவசரம்தான். அடுத்த கெடுவுக்குள் முழுதாகக் கட்ட முடியாத தொகையைக் கிரெடிட் கார்டில் போட்டால், ஹீட்டர் கோருக்கு வட்டியும் சேர்த்துக் கொடுப்பீர்கள். புதுக் கார் வாங்கியிருந்தால் கட்டியிருக்கும் தவணையில் பாதியையாவது மாதாமாதம் தனியாகப் போடுங்கள். முதலில் அவசரச் சேமிப்பு பழைய நிலைக்கு வரட்டும். அதற்குப் பிறகு சேர்வது அடுத்த காருக்கு.