வளையம் வராததால் படலம் தோற்றுவிடவில்லை

வெள்ளி நானோ துகள் கலந்த கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) படலத்தைக் கிருமி வளர்க்கும் அகார் தட்டில் வைத்தும் சுற்றிலும் தெளிவளையமே, அதாவது கிருமி வளராத தெளிந்த வட்டமே, வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். கிருமியை முக்கியமாகக் கொல்வது துகளிலிருந்து கரைந்து வரும் வெள்ளி அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணு. அது படலத்தை விட்டு வெளியே பரவினால்தான் வளையம் தெரியும். அகார் ஊடகத்தில் உப்பு இருந்தால் அதிலுள்ள குளோரைடு அந்த அயனியை வெள்ளி குளோரைடாக வீழ்படியச் செய்துவிடும்; மிச்சத்தைப் புரதம் கட்டிப்போடும்.

ஐஎஸ்ஓ 22196 முறைக்கு (பரப்புகளின் கிருமி எதிர்ப்பை அளக்கும் சர்வதேசத் தரமுறை) மாறுங்கள்: கிருமிக் கரைசலைப் படலத்தின் மேலேயே வைத்து மூடி, 24 மணி நேரம் கழித்து உயிரோடிருப்பதை எண்ணுங்கள். வெள்ளி சேர்க்காத படலமும் கூடவே இருக்கட்டும். கைட்டோசானே கொஞ்சம் கொல்லும், அந்தப் பெருமை வெள்ளிக்குப் போய்விடக் கூடாது.

அப்புறம், படலம் இளமஞ்சளாக இருந்தால் சரி. சாம்பல் தட்டியிருந்தால் துகள்கள் திரண்டிருக்கலாம்.