கட்டையைச் சொல்லிக் கொடுங்கள்: சுருதி திருத்தும் கருவி குறித்த கேள்வி-பதில்

மெல்லிசை மேடைகளிலும் சிறிய ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பயன்படும், பாடகரின் சுருதி விலகலைப் பாடும்போதே சரிசெய்யும் சுருதி திருத்தும் கருவிகள் பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். அன்ட்டாரஸ் ஏடிஆர்-1, டாஸ்காம் டிஏ-1விபி போன்ற ரேக் கருவிகளானாலும் பாடகரின் காலடியில் வைக்கும் பெடல்களானாலும் அடிப்படை ஒன்றே என்பதால், தனித்தனி மாதிரிகளுக்கான பொத்தான் விவரங்களுக்குள் நான் போகவில்லை.

கேள்வி: எக்கோ கருவியை இணைப்பதுபோலவே இதையும் மிக்ஸரின் ஆக்ஸ் (குரலின் நகலை வெளிக்கருவிக்கு அனுப்பும் இணைப்பு) வழியாக இணைத்திருக்கிறோம். திருத்தம் நடக்கிறது, ஆனால் இரண்டு பேர் சேர்ந்து பாடுவதுபோல் கேட்கிறது. ஏன்?

இரண்டு குரல்கள் உண்மையிலேயே கேட்கின்றன. ஆக்ஸ் வழியில் இணைத்தால் பாடகரின் அசல் குரலும் திருத்தப்பட்ட குரலும் ஒரே நேரத்தில் ஒலிபெருக்கிக்குப் போகும். எக்கோவுக்கு அதுதான் தேவை. இந்தக் கருவிக்கோ அசல் குரல் முழுவதும் உள்ளே போய், திருத்திய குரல் மட்டும் வெளியே வர வேண்டும். ஆகவே பாடகரின் சேனலில் உள்ள இன்சர்ட் துளையைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான அனலாக் மிக்ஸர்களில் அது ஒரே ஸ்டீரியோ ஜாக்காக இருக்கும். நுனி வழியாகக் குரல் வெளியே போகும், வளையம் வழியாகத் திரும்பி வரும். சில மிக்ஸர்களில் இது தலைகீழாக இருப்பதால், பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் கேபிள் தயார் செய்யுங்கள். கம்ப்ரசர், ஈக்யூ, எக்கோ எல்லாம் இதற்குப் பின்னால்தான் வர வேண்டும். எக்கோ கலந்த குரலை உள்ளே விட்டால், முந்தைய சுரத்தின் வாலும் இப்போதைய சுரமும் சேர்ந்து வருவதால் கருவி எதைப் பிடிப்பது என்று தடுமாறும்.

கேள்வி: குரோமாட்டிக் அமைப்பிலேயே வைத்திருக்கிறோம். சற்றே சுருதி இறங்கினால்கூடக் கருவி குரலை வேறு சுரத்துக்கு இழுத்துவிடுகிறது. கருவி பழுதா?

பழுது இல்லை. பாடகர் எந்தச் சுரத்தை நினைத்துப் பாடுகிறார் என்பது கருவிக்குத் தெரியாது. வந்த ஒலிக்கு மிக அருகில் அனுமதிக்கப்பட்ட சுரம் எதுவோ, அதற்கு இழுப்பது மட்டுமே அதன் வேலை. குரோமாட்டிக் அமைப்பில் பன்னிரண்டு சுரத்தானங்களும் அனுமதிக்கப்பட்டவை. அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே 100 சென்ட் (சுருதி இடைவெளியை அளக்கும் அலகு) இடைவெளி. எனவே பாடகர் 50 சென்டுக்கு மேல் விலகினால், கருவி கொஞ்சமும் தயங்காமல் பக்கத்துச் சுரத்தில் கொண்டுபோய் நிறுத்தும். திருத்தாமல் விட்டிருந்தால் சற்றே சுருதி குறைந்ததாக மட்டும் கேட்டிருக்கும் இடம், இப்போது அப்பட்டமான தவறாகக் கேட்கும்.

பாட்டின் சுரங்களைக் கருவிக்குச் சொல்லிக் கொடுத்தால் நிலைமை மாறும். மோகனத்தில் அமைந்த ஒரு பாட்டை 5 கட்டையில் பாடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 5 கட்டை என்றால் ஆதார சட்ஜம் கீபோர்டில் ஜி. ஜி, ஏ, பி, டி, இ ஆகிய ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் நீக்கிவிடுங்கள். இப்போது பஞ்சமமாகிய டி-யைப் பாடும்போது 60 சென்ட் இறங்கினாலும், கீழே காந்தாரம் வெகு தூரத்தில் இருப்பதால் குரல் பஞ்சமத்துக்கே வந்து சேரும். குரோமாட்டிக்கில் அது சி ஷார்ப்புக்குப் போயிருக்கும்.

மேஜர், மைனர் என்ற மேற்கத்திய சுர வரிசைகள் இரண்டை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாயாமாளவகௌளையில் அமைந்த பாட்டை அதே 5 கட்டையில் மேஜரில் வைத்துப் பாடினால், ரிஷபமும் தைவதமும் நிச்சயம் கெடும். அங்கே வேண்டியவை ஜி, ஜி ஷார்ப், பி, சி, டி, டி ஷார்ப், எஃப் ஷார்ப். பாடல்களின் பட்டியல் கையில் கிடைத்ததுமே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நினைவகம் ஒதுக்கி, கட்டையையும் சுரங்களையும் பதிந்துவிடுங்கள். அந்நிய சுரம் ஓரிடத்தில் வந்து போகும் பாட்டாக இருந்தால், பல கருவிகளில் உள்ள பைபாஸ் வசதியை அந்தச் சுரத்துக்கு மட்டும் கொடுக்கலாம். அந்த இடத்தில் கருவி குரலைத் தொடாமல் விட்டுவிடும். இந்த வீட்டுப்பாடத்தைச் செய்யாமல் விலையுயர்ந்த கருவி வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து.

கேள்வி: கமகங்களையெல்லாம் கருவி வெட்டி எறிகிறது. இதைக் கொண்டு கர்நாடக இசை சார்ந்த பாடல்களைப் பாடவே முடியாதா?

ரீட்யூன் ஸ்பீட் என்ற அமைப்பைப் பாருங்கள். சுரத்தை எவ்வளவு விரைவாக இழுக்க வேண்டும் என்பதை அது மில்லி விநாடியில் குறிக்கும். சுழியத்தில் வைத்தால் இழுப்பு உடனடியாக நடக்கும். குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லாமல் படிப்படியாகத் தாவும். 1998-இல் அமெரிக்கப் பாடகி ஷெர் பாடிய பாட்டின் மூலம் உலகெங்கும் பரவிய இயந்திரக் குரல் இந்த உடனடி இழுப்பால் வந்ததுதான். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைவதில்தான் உயிரோடு இருக்கிறது. அதைப் படிக்கட்டாக்கினால் அது தோடியே அல்ல.

நேரான மெல்லிசைப் பாடல்களுக்கு 20 முதல் 50 மில்லி விநாடி வரை வைத்துத் தொடங்குங்கள். அசைவுகள் நிறைந்த பாட்டுக்கு 100-க்கு மேலே போங்கள். அப்போது நீண்டு நிற்கும் சுரங்கள் மட்டும் மெல்லச் சரியாகும், விரைந்து கடக்கும் அசைவுகள் பெரும்பாலும் தப்பிவிடும். சில பெடல்களில் இதே அமைப்பு விழுக்காட்டில் இருக்கும், எண் கூடக் கூடத் திருத்தமும் கடுமையாகும் என்பதால் குழம்பிவிட வேண்டாம். ஆலாபனை, விருத்தம் போன்ற பகுதிகளில் எந்த எண்ணும் உதவாது. கால் சுவிட்ச் ஒன்றை இணைத்து, அங்கே கருவியை முழுவதுமாக விலக்கிவிடுவதே பாட்டுக்கும் பாடகருக்கும் மரியாதை.

கேள்வி: மானிட்டரில் (பாடுபவருக்கான மேடை ஒலிபெருக்கியில்) என் குரல் சற்றுத் தாமதமாகவும் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலவும் கேட்கிறது. பாடவே கூச்சமாக இருக்கிறது.

ஒலி அலையின் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று வந்தால்தான் கருவியால் சுருதியைக் கணிக்க முடியும். 100 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஆண் குரலில் ஒரு சுற்றுக்கே 10 மில்லி விநாடி ஆகிறது. இந்தச் சிறு தாமதம் சபையில் இருப்பவருக்குத் தெரியாது. பாடுபவருக்கோ தம் குரல் எலும்பின் வழியாக உடனே கேட்டுவிடுகிறது. மானிட்டரில் வருவது அதன்மேல் மோதி, நீங்கள் சொல்லும் குழாய் ஒலியைத் தருகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. திருத்திய குரலையே கேட்டுக்கொண்டு பாடுபவர், தாம் விலகுவதை அறியாமல் மேலும் விலகிப் போவார். எனவே மைக்கின் ஒலியை ஸ்ப்ளிட்டர் மூலம் இரண்டு சேனல்களாகப் பிரித்து, திருத்தாத சேனலை மானிட்டருக்கு மட்டும், திருத்திய சேனலைச் சபை ஒலிபெருக்கிக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். கண்டென்சர் மைக்காக இருந்தால் 48 வோல்ட் மின்சாரத்தை ஒரு சேனலிலிருந்து மட்டும் கொடுத்தால் போதும்.

கேள்வி: டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கியதும் குரல் நடுங்குகிறது, சில சமயம் ஒரு ஸ்தாயி தாவுகிறது.

மைக்குக்குள் குரலைத் தவிர வேறு என்ன போகிறது என்று கவனியுங்கள். ஆட்டோ-ட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளை 1997-இல் வெளியிட்ட ஆண்டி ஹில்டபிராண்ட், அதற்கு முன் எண்ணெய் தேடும் பணிக்காக நில அதிர்வுத் தரவுகளை ஆராய்ந்தவர். அங்கே கையாண்ட கணித முறையைத்தான், அலை தன்னையே எப்போது மீண்டும் ஒத்துவருகிறது என்று பார்க்கும் முறையைத்தான், குரலுக்கும் பயன்படுத்தினார். ஒற்றைக் குரலில் அந்த ஒத்துவருதல் தெளிவாக இருக்கும்; தாளக் கருவியும் மானிட்டரின் ஒலியும் கலந்தால் கலங்கிவிடும். மைக்கை வாய்க்கு அருகில் பிடிக்கச் செய்யுங்கள், மானிட்டரை மைக்கின் பின்பக்கத்துக்கு நேராகத் திருப்புங்கள். ஸ்தாயி தாவுவதற்குக் குரல் வகையைத் தவறாகத் தேர்ந்திருப்பதும் காரணமாகலாம். ஆண் பாடகருக்கு சொப்ரானோ (உச்சப் பெண் குரல்) அமைப்பு பொருந்தாது.

கேள்வி: கோரஸ் பாடும் இருவருக்கு ஒரே மைக். இந்தக் கருவியை அதில் போடலாமா?

கூடாது. ஆளுக்கொரு மைக், மைக்குக்கு ஒரு கருவி.

கேள்வி: எல்லாம் சரியாக வைத்தும், ஹார்மோனியத்தோடு பாடும்போது குரல் ஒட்டவில்லை.

ஹார்மோனியத்தை ட்யூனரில் சோதியுங்கள். கருவி ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஹார்மோனியம் 442-இல் இருந்தால் சுமார் 8 சென்ட் வேறுபாடு வரும். பாடகர் காதால் கேட்டு ஹார்மோனியத்தோடு சேர்ந்து பாடுவார், கருவி அவரை ஒவ்வொரு முறையும் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். டீட்யூன் என்றோ மாஸ்டர் ட்யூன் என்றோ உள்ள அமைப்பில் ஹார்மோனியத்தின் அளவைக் கொடுத்துவிட்டால் இது தீர்ந்துவிடும். வேகம் மாற்றப்பட்ட கராவோக்கே தடத்தோடு பாடுபவர்களும் இதே சோதனையைச் செய்யலாம். பழைய ஹார்மோனியங்களில் ரீடுக்கு ரீடு சுருதி மாறியிருந்தால் மட்டும் கருவியில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஹார்மோனியத்தைத்தான் சுருதி சேர்க்கக் கொடுக்க வேண்டும்.