அடுப்படிக் கேள்வி-பதில்: எயார் பிரையரில் ஸ்டேக்கும் கிழங்கும்

கேள்வி: காலையில் வாங்கிய மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் மதியமே எயார் பிரையரில் ஒன்றாகப் போட்டேன். 200 பாகை, 20 நிமிடம். இறைச்சி தோல் மாதிரி இழுபட்டது, கிழங்கு முறுகவேயில்லை. பிழை எதில்?
- வாசகி, காத்தான்குடி

பதில்: முதல் பிழை அவசரம். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துவிடும். நெடுநேரம் அவிகிற கறியில் அது தெரியாது. பத்து நிமிட ஸ்டேக்கில் பல்லுக்குத் தெரியும். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 2 நாள் மூடி வையுங்கள், விறைப்பு தளரும். சூடு ஆறாத இறைச்சியை நேரே பிரீசரில் போட்டால் இன்னும் இறுகும்.

கடையில் ‘அண்டர்கட்’ (முதுகெலும்புக்கு உட்புறமாக உள்ள மெதுவான இறைச்சி) என்று கேளுங்கள். தொடை இறைச்சி கறிக்குத்தான் சரி. ஓர் அங்குலக் கனத்தில், நாருக்குக் குறுக்காக வெட்ட வேண்டும். உப்பை முக்கால் மணி நேரம் முன்பே தடவுங்கள். மறந்துவிட்டால் போடும் நேரத்தில் தடவுங்கள். இடையில் தடவினால் நீர் கசிந்து மேற்பரப்பு நனைந்திருக்கும், சிவக்காது. எப்படியானாலும் துடைத்து, எண்ணெயும் மிளகுதூளும் பூசிய பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

முதலில் வேக வேண்டியது கிழங்கு. 300 கிராமை 2 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, 20 நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, துணியில் ஈரம் போக ஒற்றி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பிரட்டுங்கள். 200 பாகையில் 15 நிமிடம். நடுவில் ஒருமுறை குலுக்குங்கள். பிரிட்ஜில் வைத்த கிழங்கு வேண்டாம்: குளிரில் அதன் மாப்பொருள் சீனியாக மாறுவதால் வேகமுன் கறுக்கும்.

கிழங்கை எடுத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே ஸ்டேக்கை ஒரு பக்கம் 5 நிமிடம், மறுபக்கம் 4 நிமிடம் விடுங்கள். இரண்டையும் ஒன்றாக நெருக்கினால் காற்றுச் சுற்றாமல் அவிந்துதான் போகும். உங்கள் கிழங்குக்கு நடந்தது அதுதான். இறைச்சி வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 60 பாகையில் எடுங்கள். ஆறும்போது இன்னும் கொஞ்சம் ஏறும். முழுக்க வெந்துதான் வேண்டுமென்றால் 70 பாகை. அதற்கு மேல் போனால் அண்டர்கட்டும் காய்ந்துவிடும். ஸ்டேக்கை 5 நிமிடம் ஆறவிடும்போது கிழங்கைத் திரும்ப உள்ளே போட்டால் நன்றாக முறுகும். ஆறுமுன் வெட்டினால் சாறெல்லாம் தட்டில்தான்.

கேள்வி: பப்பாசிக்காய் தடவினால் மெதுமையாகுமா?
- வாசகர், கல்முனை

பதில்: ஆகும். அரைத்த காய் ஒரு தேக்கரண்டி, 20 நிமிடம், பிறகு துடைத்துவிடுங்கள். இரவு முழுக்க வைத்தால் மேற்புறம் களியாகும். அண்டர்கட்டுக்கு இது தேவையே இல்லை.

கேள்வி: கொழுப்புள்ள துண்டு போட்டால் வீடெல்லாம் புகை. பிளக்கும் சுடுகிறது.
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: உருகிய கொழுப்பு அடித்தட்டில் எரிவதுதான் புகை. கூடைக்குக் கீழே 2 மேசைக்கரண்டி தண்ணீர் விடுங்கள். பிளக் சுடுவதை மட்டும் சும்மா விடாதீர்கள். 1500 வாற்று இயந்திரம் ஆறரை அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் பொயின்ற் அதைத் தாங்காது. 13 அல்லது 15 அம்பியர் பொயின்றில், எக்ஸ்டென்ஷன் வயர் இல்லாமல் செருகுங்கள். அதிலும் சுட்டால் உடனே நிறுத்தி, மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.