எண்ணிக் கேட்டால்தான் கல்: கட்டும் விளையாட்டில் அளவியல் பாடம்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். ஆய்வகத்தில் 10 கணினிகள், வகுப்பில் 40 பேர், இணையம் வரும், போகும். அளவியல் பாடத்துக்கு மைன்கிராஃப்ட் மாதிரி, கனசதுரக் கற்களை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டைப் பயன்படுத்திப் பார்த்தேன். ஆளுக்கொரு வீட்டைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கணக்கு நடக்கவே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: வீடு கட்டியது பிள்ளைகளின் தப்பில்லை. எடுக்க எடுக்கக் குறையாமல் கல் வரும் 'கிரியேட்டிவ்' முறையில் கணக்குப் போட வேண்டிய அவசியம் யாருக்கும் வராது. அதை அணைத்துவிடுங்கள். எத்தனை கல் வேண்டும் என்று தாளில் எழுதித் தரும் குழுவுக்கு அத்தனை கல் மட்டும் கொடுங்கள், ஒன்று கூடுதலாகவும் வேண்டாம், ஒன்று குறையவும் வேண்டாம். மற்ற ஏற்பாடெல்லாம் இந்த ஒரு விதியைக் காப்பாற்றத்தான்.

மைன்கிராஃப்டின் கல்விப் பதிப்பு (2016 முதல் இருக்கிறது) நல்ல கருவிதான். ஆனால் அதற்கு உரிமக் கட்டணமும், ஒவ்வொருவருக்கும் பள்ளிக் கணக்கும், உள்நுழைய இணையமும் வேண்டும். உங்கள் நிலைமைக்கு லுவான்டி பொருத்தம். 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்த கட்டற்ற மென்பொருள் இது. லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓடும், காசு கிடையாது, ஆய்வகத்தின் உள் வலையமைப்பே போதும். இதிலும் ஒரு கல் என்பது ஒரு மீட்டர் கனசதுரம் என்றே கணக்கு.

இணையம் இருக்கும் நாளில் மூன்றைத் தரவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்: லுவான்டி, 'மைன்டெஸ்ட் கேம்' என்ற விளையாட்டுத் தொகுப்பு, ஒருவர் கட்டியதை மற்றவர் உடைக்காமல் காக்கும் 'புரொடெக்டர் ரீடூ' என்ற கூடுதல் நிரல். இப்போதைய பதிப்புகளில் விளையாட்டுத் தொகுப்பு சேர்ந்து வராது, தனியாகத்தான் இறக்க வேண்டும். லுவான்டியை எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பாக நிறுவுங்கள். மற்ற இரண்டும் ஆசிரியர் கணினியில் இருந்தால் போதும். மாணவர் கணினிகள் முதல்முறை இணையும்போது தேவையானதை அங்கிருந்தே இழுத்துக்கொள்ளும். அதற்குக் கொஞ்சம் நேரமாகும் என்பதால் முந்தின நாளே ஒருமுறை இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

உலகத்தை உருவாக்கும்போது 'ஃப்ளாட்' (சமதரை) வகையைத் தேர்ந்தெடுத்து, குகை, மரம் முதலியவற்றின் குறிகளை எடுத்துவிடுங்கள். புரொடெக்டரை அந்த உலகத்துக்கு இயக்குங்கள். பிறகு மற்ற கணினிகள் இணைவதற்கான 'ஹோஸ்ட்' குறியைப் போட்டு, கிரியேட்டிவ், டேமேஜ் (அடிபடுதல்) இரண்டையும் அணைத்துத் தொடங்குங்கள். மாணவர்கள் உங்கள் கணினியின் ஐபி முகவரியையும் (வலையமைப்பில் அதன் அடையாள எண்) 30000 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்து நுழைவார்கள். பயனர் பெயரில் தமிழ் எழுத்து செல்லாது; ஆங்கில எழுத்து, எண், '-', '_' மட்டும்தான், இடைவெளியும் கூடாது.

நுழைய முடியவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் கணினியின் ஃபயர்வால் (வெளித்தொடர்பைத் தடுக்கும் பாதுகாப்பு நிரல்) அந்த போர்ட்டை (யுடிபி வகை) அடைத்திருக்கும். வைஃபை என்றால் ரவுட்டரில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவிடாத அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கலாம். ஒரே நேரத்தில் 15 பேர்தான் என்பது இயல்பான வரம்பு, உங்களுக்கு அது தாராளம். பழைய கணினி திணறினால் பார்வைத் தூரத்தை 50க்குக் குறைத்து நிழல்களை அணையுங்கள். சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். நடக்கும்போது திரை குலுங்கும் அமைப்பைச் சுழியாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கல்லுக்குக் கம்பளிக் கட்டியையே பயன்படுத்துங்கள். வெறுங்கையால் பிரித்தெடுக்கலாம், நிறங்கள் உண்டு, விளையாட்டுப் பையின் ஒரு கட்டத்தில் 99 அடங்கும். செங்கல் கொடுத்தால் தவறாக வைத்ததை எடுக்க ஒவ்வொரு குழுவுக்கும் குந்தாலி (பிக்காக்ஸ்) தர வேண்டிவரும். அதைக் கையில் கொடுத்தபின் சுரங்கம் தோண்டாதவர் யார்? கம்பளியை உங்கள் கணக்கிலிருந்து 'கிவ்' கட்டளையால் எண்ணி அனுப்பலாம். மாணவர்களுக்கு அந்த அதிகாரம் இருக்கக் கூடாது. அரட்டைக்கான 'ஷவுட்' அதிகாரத்தையும் பறித்துவிடுவது நல்லது.

ஒரு குழு கட்டியதை இன்னொரு குழு உடைப்பதுதான் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். குழுவுக்கு ஒரு புரொடெக்டர் கட்டி கொடுத்து, மனையின் நடுவில் தரையில் ஒரு குழி எடுத்து அதில் வைக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் ஐந்தைந்து கல், அதாவது 11×11×11 இடத்தில் வைத்தவர் மட்டுமே கை வைக்க முடியும்.

இனி பாடம். உள்ளளவு 4×3×3 மீட்டர், மேலே திறந்த தண்ணீர்த் தொட்டி, சுவரும் தரையும் ஒரு கல் கனம். கணினிக்கு நான்கு பேர்: ஒருவர் கணக்கு, ஒருவர் மவுஸ், ஒருவர் எண்ணிச் சரிபார்ப்பு, ஒருவர் பதிவு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாறட்டும், இல்லாவிட்டால் மவுஸ் ஒருவரிடமே தங்கிவிடும்.

சரியான விடை 84. வெளியளவு 6×5×4 = 120, உள்ளே 36, கழித்தால் 84. ஆனால் பல குழுக்கள் 54 என்று எழுதிவரும். அது உட்புறப் பரப்பு: தரை 12, சுவர் 42. கொடுத்துவிடுங்கள். கட்டும்போது 30 குறையும். அந்த 30 எங்கே என்று அவர்களே தேடட்டும்: நான்கு மூலைத் தூண்களில் 12, தரையின் விளிம்பில் 18. இன்னும் சிலர் 96 கேட்பார்கள். சுவரின் ஒரு வரிசைக்கு 2(6+5) = 22 என்று சுற்றளவைப் போட்டிருப்பார்கள்; மூலைக்கல் நான்கும் இருமுறை எண்ணப்பட்டுவிட்டன, உண்மையில் 18தான். மூன்று வரிசைக்கு 12 கல் மிஞ்சும். மேற்பரப்பையும் கன அளவையும் பிரித்துக் காட்ட இந்த இரண்டு தவறுகளைவிட நல்ல கருவி கிடையாது, எனவே முன்கூட்டித் திருத்தாதீர்கள்.

உள்ளுயரத்தை மட்டும் 2 ஆக்கிவிடாதீர்கள். அப்போது வேண்டிய கல் 66. வெளிப்புறப் பக்கப்பரப்பு 2(6+5)×3 என்பதும் 66. தப்பான சூத்திரத்துக்குச் சரியான விடை கிடைத்துவிடும்.

கொள்ளளவைப் பார்க்க விளையாட்டுத் தண்ணீரை ஊற்ற விடாதீர்கள். அது வழிந்து பரவும், தானே பெருகும், அளவு நிற்காது. நீலக் கம்பளி 36 வைத்து நிரப்பினால் 36 கன மீட்டர், அதாவது 36,000 லிட்டர். மொட்டைமாடியில் பார்க்கும் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி 36 என்றால் அளவு மனதில் நிற்கும்.

இரண்டு பாடவேளை வேண்டும். முதலாவதில் திரையை அணைத்து வைத்துத் தாளில் கணக்கு, இரண்டாவதில் கட்டுவது. மதிப்பெண் தொட்டிக்கு வேண்டாம். கேட்ட எண், தேவைப்பட்ட எண், வித்தியாசத்துக்கான காரணம், இந்த மூன்றுக்கும் கொடுங்கள். எஃப்12 அழுத்தினால் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) சேமிக்கப்படும், பதிவுக்கு அது போதும்.

வீட்டுப்பாடமாக உள்ளளவை இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள்: 8×6×6. கொள்ளளவு 288, எட்டு மடங்கு. உட்பரப்பு 216, நான்கு மடங்கு. கல் 10×8×7 − 288 = 272; இது 84இன் நான்கு மடங்குமில்லை, எட்டு மடங்குமில்லை, ஏனென்றால் சுவரின் கனம் மட்டும் இரட்டிக்கவில்லை.