சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) வைக்காமல் சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பொருத்த முடியுமா? கடத்தும் பசை போதுமா?

முடியும். ஆனால் பலரும் முதலில் தேடிப்போகும் கடத்தும் பசையை நான் கடைசியில்தான் வைப்பேன்.

வெள்ளித்தூள் கலந்த எபாக்சி பசை இரண்டு ட்யூபில் வரும். கலந்து தடவினால், அறை வெப்பத்தில் நன்றாக இறுக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். சூடு காட்டினால் சீக்கிரம். அதன் மின்தடை சாதாரண சால்டரைப் போலப் பத்து மடங்குக்கு மேல். எல்ஈடி, சென்சார் மாதிரி சின்ன வேலைக்கு ஓடும், மோட்டார் லைனுக்கு ஆகாது. பாகத்தின் பக்கத்துக் காலுக்கு (உலோக முனைக்கு) வழிந்தால் ஷார்ட். இறுகிய பிறகு கழற்றுவதும் பெரும்பாடு. இன்னொரு சிக்கல் உடனே தெரியாது: வெள்ளீயம் பூசிய கால்களில் ஈரப்பதம் ஏற ஏற இணைப்பு அரித்து, மின்தடை மெல்லக் கூடிக்கொண்டே போகும். தங்கம் பூசியவற்றில் இந்தத் தொல்லை குறைவு. சூடே தாங்காத பாகம் என்றால் பசைதான் சரி. குவார்ட்ஸ் கிரிஸ்டலை அதன் கூட்டுக்குள் ஒட்டுவதே இப்படித்தான். மின்சாரம் கடத்தும் கார்பன் பெயின்ட் பள்ளிக்கூட மாடலோடு சரி.

சால்டருக்கு உண்மையான போட்டி அழுத்தம்தான். மலிவான கால்குலேட்டர் ஒன்றைத் திறந்து பாருங்கள். டிஸ்ப்ளே கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை இருந்தால் அதை உற்றுப் பாருங்கள். கடத்தும் கோடு, கடத்தாத கோடு என்று மாறி மாறி மெல்லிய வரிகள் ஓடும். ஜீப்ரா ஸ்ட்ரிப் என்பார்கள். ஒட்டு எதுவும் கிடையாது, திருகு கொடுக்கும் அழுத்தம் மட்டுமே. எண்ணில் ஒரு கோடு தெரியாமல் போனால் பட்டையை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து மறுபடி இறுக்கிப் பாருங்கள், பல சமயம் சரியாகிவிடும்.

வயர் ராப்பும் இதே இனம். சதுரமான பின்னில் மெல்லிய கம்பியை இறுக்கிச் சுற்றும்போது பின்னின் கூரிய மூலைகள் கம்பிக்குள் பதிந்து, காற்றுகூடப் புக முடியாத இணைப்பாகிறது. அப்பல்லோ விண்கலத்தின் கணினியிலும் இப்படிச் சுற்றிய இணைப்புகள் உண்டு. இன்றைய கார்களின் கன்ட்ரோல் யூனிட்டுகளில் அதே வேலையை பிரஸ்-ஃபிட் பின் செய்கிறது: துளையைவிடச் சற்றே அகலமான, நெகிழும் பின்னை அழுத்திச் செருகுவார்கள். துளையின் அளவு சரியாக இருந்தால்தான் பிடிக்கும், அதனால் கையால் செய்யும் வேலை இல்லை.

வீட்டில் சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் பாகங்களைத் துளைகளில் செருகும் பிரெட்போர்டு, சிப்பைச் செருகும் ஐசி சாக்கெட், கம்பியைத் திருகி இறுக்கும் ஸ்க்ரூ டெர்மினல் இவையே தாராளம்.

சூட்டுக்குப் பயந்துதான் கேட்கிறீர்கள் என்றால் சால்டரையே விட வேண்டியதில்லை. ஈயம் கலந்த 63/37 வகை (வெள்ளீயம் 63, ஈயம் 37 சதவீதம்) 183 டிகிரி செல்சியஸில் உருகும், ஈயமில்லாத சாதாரண வகை 217-க்கு மேல். பிஸ்மத்-வெள்ளீயக் கலவையோ 138 டிகிரியிலேயே உருகிவிடும். கொஞ்சம் நொறுங்கும் தன்மை உண்டு, கீழே விழும் பொருளுக்கு ஏற்றதல்ல. ஏற்கெனவே ஈய சால்டர் இருக்கும் போர்டில் மட்டும் இதைப் போடாதீர்கள். மூன்று உலோகமும் சேர்ந்தால் 96 டிகிரியிலேயே இளகும் கலவை உண்டாகலாம். மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் மாதிரி சூடாகும் பாகம் பக்கத்தில் இருந்தால் இணைப்பு தானாகவே கழன்றுவிடலாம்.